மிஷினில் இருக்கும் பெயர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று காலை கடைக் கணக்கிலிருந்து முப்பத்தாறாயிரத்து நானூறு ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது திருடன் இல்லை, கார்டு மிஷின் கொடுத்த கம்பெனி. ஜூலை மூன்றாம் தேதி அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பெண், அந்த ஊர்க் கரண்டுக்கு ஓடுகிற நூற்றுப்பத்து வோல்ட் கிரைண்டர் இரண்டு வாங்கி, தன் கையாலேயே கார்டை மிஷினில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது அந்தக் கார்டு வீட்டார் 'இந்தச் செலவு எங்களுடையது இல்லை' என்று அங்கே வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அங்கே எழுதினால் இங்கே பணம் போய்விடும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருள் விமானம் ஏறிப் போனது, பணம் அதன் பின்னாலேயே போய்விட்டது.

கம்பெனியில் நம் கடைக்கென்று பேசுகிற பெண் பிரவீணா. நல்ல பெண்தான், ஆனால் இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால் பணம் போகிற சேதிதான்.

"மேடம், இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள ஆதாரம் அனுப்பணும். இல்லைன்னா பணம் அவங்களுக்கே போயிரும். இந்த வருசம் உங்களுக்கு இது ரெண்டாவதுங்க. இன்னொண்ணு தோத்துட்டா மிஷினையே எடுத்துருவாங்க."

மிஷின் போனால் கடையில் பாதி போன மாதிரி. ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் யாரும் ரூபாய் நோட்டைக் கட்டி எடுத்து வருவதில்லை. அவர்கள் வாங்குவதை வைத்துத்தான் மற்ற மாதங்களுக்கு வாடகை கொடுக்கிறேன். எடுத்துக்கொண்ட பணமும் கிரைண்டருக்குக் கல் தருகிற கல் பட்டறைக்காரருக்கு வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தது.

ஜூனில் முதல் தடவை வந்தபோது பதில் போடத் தெரியாமல் பதினோராயிரம் போயிற்று. அப்போதுதான் ஆடிட்டர் சொன்னார், "நடந்ததை அன்னன்னைக்கே எழுதி வைங்கக்கா" என்று. அதனால்தான் இந்த டைரி. மற்றபடி டைரி எழுதுகிற வயசும் எனக்கில்லை, நேரமும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஜூலை மூன்றாம் தேதி நடந்ததை ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் வந்துவிட்டாள். பெயர் அனுராதா. அன்றைக்கு அவள்தான் போணி. விலையைக்கூட அதிகம் பேசவில்லை. கடையில் வேலை செய்கிற ரங்கம்மா இரண்டு கிரைண்டரிலும் தவிடு போட்டு ஓட்டிக் கல்லைப் பழக்கிக் கொடுத்தாள். கார்டை வைத்ததும் மிஷின் ஒரு சீட்டைத் துப்பியது. வெளிநாட்டுக் கார்டு ரகசிய எண் கேட்காது. அதற்குப் பதில் சீட்டின் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு வரும். அந்தக் கோட்டில் நான் கையெழுத்து வாங்கவில்லை.

வாங்கத் தெரியாமல் இல்லை. மற்ற எல்லோரிடமும் வாங்குகிறேன். போணிக்காரரை நிறுத்தி வைத்து, 'இங்கே ஒரு கையெழுத்து, அடையாள அட்டை காட்டுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வராது. முதல் வியாபாரத்தில் சந்தேகத்தைக் காட்டினால் அன்று முழுக்க அதே சந்தேகம்தான் கடைக்குள் வரும் என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்துப் பழகிவிட்டேன். நான் மட்டுமில்லை, இந்த வீதியில் எல்லாக் கடையிலும் போணிக்குத் தனி மரியாதைதான்.

அந்த மரியாதைக்கு முப்பத்தாறாயிரம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கேமராவில் ஜூலைப் பதிவு இல்லை. பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடுமாம். கல் பட்டறைக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். கொடுத்தார். முகத்தைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மதியம் வரைக்கும்தான் கடை. இரண்டு மிக்ஸி ஜார் பிளேடு, ஒரு கேஸ் டியூப். அவ்வளவுதான் வியாபாரம்.

விடுமுறை நாளிலும் பிரவீணா கூப்பிட்டாள். நான் அனுப்பிய பில்லைப் பார்த்தாளாம்.

"மேடம், பில்லுல தெய்வா கிரைண்டர்ஸ்னு இருக்கு. மிஷின் சென்னியப்பன் மோட்டார் ஒர்க்ஸ் பேர்ல இருக்கே. கார்டுக்காரங்க ஸ்டேட்மெண்ட்ல மிஷின்ல இருக்கற பேர்தான் போகும். அதைப் பார்த்து யாருன்னே தெரியாம புகார் பண்ணியிருப்பாங்க. ஏன் மேடம் பேரை மாத்தலை?"

வேலை இருந்தது, மாற்றவில்லை என்றேன். உண்மையும் அதுதான். பெயர் மாற்ற வங்கிக்கு நாலு நடை, ஆடிட்டருக்கு இரண்டு நடை. கிரைண்டர் விற்பேனா, அலைவேனா.

சென்னியப்பன் என் வீட்டுக்காரர். மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றுகிற வேலை. கடை ஆரம்பித்தபோது அவர் பின்னால் உட்கார்ந்து கம்பி சுற்றுவார், நான் முன்னால் விற்பேன். மூன்று வருஷத்துக்கு முன் கல்லாவிலிருந்து இரண்டு லட்சத்தை எடுத்து, ஒரு சிநேகிதருக்கு லேத் மிஷின் வாங்கக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சிநேகிதரும் இல்லை, லேத்தும் இல்லை. நான் சொன்னது, "இனிமேல் கல்லாவுல உட்காராதீங்க" என்பது மட்டும்தான். வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தபோது சொன்னேன், அது ஒன்றுதான். அவர் கணபதி ஏரியாவில் ஒரு ஷெட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கடைக்கு நான் என் பேரை வைத்தேன். போர்டு மாறிவிட்டது, பில் புத்தகம் மாறிவிட்டது. மிஷின் மாறவில்லை.

ரங்கம்மா கேட்டாள், "போர்டுல மாத்துனீங்க, பையில மாத்துனீங்க, விசிட்டிங் கார்டுல மாத்துனீங்க. மிஷினுக்கு மட்டும் நேரமே கெடைக்கலீங்களாக்கா?"

தவிட்டுச் சாக்கு ஓரமாக ஓட்டையாகிவிட்டது, போய் அதைத் தைக்கிற வழியைப் பார் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாய்பாபா காலனிக்குப் போய்வந்தேன். அந்த இரண்டு கிரைண்டரையும் நம் ஆட்டோவில்தான் அனுராதாவின் அம்மா வீட்டில் இறக்கினோம். ஆட்டோக்காரருக்கு வீடு ஞாபகம் இருந்தது.

அம்மாவின் பெயர் கமலவேணி. கதவைத் திறந்தவர், கடைப் பேரைச் சொன்னதும், "நானே வரணும்னு இருந்தேன். உள்ள வாங்க" என்று நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். மேடை மேல் நம் கிரைண்டர் ஒன்று. அடியில் கறுப்பாகப் புகை ஏறியிருந்தது.

"மாவு ஆட்டலாம்னு போட்டேன். ரெண்டே நிமிஷம். பொகைன்னா பொகை, பக்கத்து வீட்டுக்காரங்க தீப்பிடிச்சுதுன்னு ஓடி வந்துட்டாங்க. இதுதான் நீங்க விக்கற லட்சணமா?"

"இது அமெரிக்காவுக்குப் போகற மிஷினுங்கம்மா. இங்க எதுக்குங்க போட்டீங்க?"

"ரெண்டும் எடுத்துட்டுப் போக எடை அதிகம்னு ஏர்போர்ட்டுல சொல்லிட்டாங்க. ஒண்ணை என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. சும்மா கெடக்குதேன்னு போட்டேன்."

"இதோட பிளக்கு நம்ம வீட்டுச் சுவத்துல போகாதுங்களே. தட்டைக் காலு."

"போகலை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை வெட்டிட்டு நம்ம பிளக்கு மாட்டிட்டேன்."

ஒயரில் நான் சுற்றிக் கொடுத்திருந்த 'இந்தியாவில் போடக் கூடாது' என்ற சிவப்புத் தாள் இன்னும் அப்படியே இருந்தது. அதற்கு மேல்தான் புது பிளக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு சார்ஜ்பேக் ஒன்றும் புரியவில்லை. மகள் பணம் கொடுக்கவில்லை என்கிறார்கள் என்றதும் நன்றாகப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, உடனே அனுராதாவைப் போனில் பிடித்தார். அங்கே விடியவில்லை போலிருக்கிறது. தூக்கக் குரல்.

"அம்மா, அது என்னவோ மோட்டார் ஒர்க்ஸ்னு இருந்துச்சு. இவர் பார்த்துட்டு, இந்தியாவுல எந்த மோட்டாரை ரிப்பேர் பண்ணினேன்னு கேட்டார். நான் இல்லைன்னேன். கிரைண்டர் கடைன்னு தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? சாரி ஆன்ட்டி. நான் இன்னைக்கே பேங்குக்கு எழுதறேன்."

போனை வைத்ததும் கமலவேணி அம்மா என்னைப் பார்த்தார். "மக எழுதுவா. ஆனா இந்தக் கரிஞ்ச மிஷினுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

கரிந்த மிஷின்தான் எனக்குச் சாட்சி. அதன் பக்கத்தில் அவரை நிற்க வைத்து, கிண்ணத்தின் அடியில் அடித்திருக்கிற நம்பரைக் காட்டச் சொல்லி, 'இதை என் மகள் தெய்வா கிரைண்டர்ஸில் வாங்கினாள்' என்று வீடியோ எடுத்துக்கொண்டேன். நம்ம ஊர்க் கரண்டுக்கு ஓடுகிற மாதிரி புதிதாகக் கம்பி சுற்றித் தருவதாகச் சொன்னேன். தப்பு அவருடையதுதான், ஆனால் அந்தச் சமயத்தில் அதைச் சொல்லி லாபமில்லை. கூலி என்னுடையது, கம்பி விலை அவருடையது என்று பேசி முடித்தேன். மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அனுராதாவின் கடிதம் மெயிலில் வந்துவிட்டது. வாங்கியது தான்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன்.

பிரவீணா சொன்னது: "ரெண்டும் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு மேடம். ஆனா பதில் யார் பேர்ல மிஷின் இருக்கோ அவங்க கையெழுத்தோட வரணும். உங்க கையெழுத்து செல்லாதுங்க."

விற்றது நான். ஓட்டிக் காட்டியது ரங்கம்மா. என் கையெழுத்து செல்லாதாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கரிந்த மோட்டாரை உக்கடத்தில் மோட்டார் சுற்றுகிற இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர், புது மோட்டாரே மாட்டிவிடுங்கள் என்றார். இன்னொருவர் சுற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கணபதிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். மழை. பெரிய மழை இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

போனேன்.

ஷெட் ஒரு லாரி நிற்கிற அளவுதான். வாசலில் பழைய பம்ப்செட் மோட்டார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. வார்னிஷ் நாற்றம் ஆளைத் தூக்குகிறது. ஒரு ஜன்னல்கூட இல்லை.

"வாங்க. என்ன ரிப்பேருங்க?" என்றார், அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்த பின்னும் வாங்க போங்க விடவில்லை. "உட்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இருபத்தாறு வருஷம் 'ஏ புள்ள' என்று கூப்பிட்ட ஆள். எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், நான் போனது கையெழுத்துக்கு.

மோட்டாரை எடுத்து வைத்தேன். மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"நூத்திப்பத்தை எரநூத்திமுப்பதுல போட்டிருக்காங்க. யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"புண்ணியவதிங்க. பிளக்கையே வெட்டி மாத்திட்டாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் நிற்க நேரமாகிவிட்டது. மெலிந்திருக்கிறார். கண்ணாடியின் ஒரு காலில் மோட்டார்க் கம்பிச் சுருளைக் கட்டுகிற நூலைச் சுற்றி வைத்திருக்கிறார். மேடையில் பாதி தின்ற பன் ஒன்று காகிதத்தில் இருந்தது. இதெல்லாம் என் கவலை இல்லை, கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

பணம் போன கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் எம்பேர்லயா மிஷின் இருக்குது?" என்றார்.

"மாத்த நேரமில்லைங்க."

"மூணு வருசமாவா?"

"வேலை செய்யறவங்களுக்கு நேரம் போறதே தெரியாதுங்க."

அவர் மோட்டாரைத் திறந்து, கரிந்த கம்பியைக் குறட்டால் ஒவ்வொன்றாக வெட்டி வெளியே இழுத்தார். நான் கையெழுத்துத் தாளை நீட்டினேன். கையில் வார்னிஷ் இருக்கிறது, தாள் பாழாகிவிடும் என்றார். சனிக்கிழமை மோட்டாரை வாங்க வரும்போது போட்டுத் தருகிறாராம்.

துடைத்துக்கொண்டு போடலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாபாரத்தில் எதிராளியை அவசரப்படுத்தினால் விலை ஏறிவிடும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான்கு கிரைண்டர் போயிற்று. நான்கும் ரொக்கம். அரை கிலோ துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், நல்ல நெய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

விடியலில் எழுந்து அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். மீந்துவிட்டது. வீணாகப் போகவேண்டாம் என்று தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

மோட்டார் தயாராக இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் சத்தமே இல்லை. கையை வைத்துப் பார்த்தபோதுதான் ஓடுவது தெரிந்தது. நான் இப்போது வெளியே வாங்குகிற நூற்றுப்பத்து வோல்ட் மோட்டார்கள் கொசு மாதிரி ரீங்காரம் போடுகின்றன, விலையோ ஆயிரத்து நூறு. இவர் பழைய மோட்டார்க் கூட்டில் கம்பி மட்டும் சுற்றிக் கொடுத்தால் அதில் முக்கால் பங்குகூட ஆகாது. இத்தனை நாள் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை என்பது ஆச்சரியம்தான்.

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "பேரை மாத்தற தாளும் கொண்டாந்திருப்பீங்களே. அதையும் குடுங்க, ஒரேயடியாப் போட்டர்றேன்" என்றார்.

பையில் அந்தத் தாள் இருந்தது. ஆடிட்டர் போன வாரமே நிரப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே சமயத்தில் இரண்டு தாள் அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் குழம்பிவிடுவார்கள். அதனால் எடுக்கவில்லை.

"ஒண்ணொண்ணாப் பார்த்துக்கலாமுங்க. முதல்ல சாப்பிடுங்க."

"எனக்கா?"

"மீந்துருச்சு."

மூடியைத் திறந்தார். ஆவி வந்தது. மீந்த சோற்றில் ஆவி எப்படி வரும் என்று கேட்கிற ஆள் இல்லை அவர். பாதியைச் சாப்பிட்ட பிறகுதான், தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அந்த லேத்துக்காரன் இப்ப மாசாமாசம் ரெண்டாயிரம் குடுக்கறான். தனியா எடுத்து வெச்சிருக்கேன். வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

கல் பட்டறைக்காரருக்கு இன்னும் முழுசாகக் கொடுத்து முடியவில்லை. எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இருக்கட்டும், எங்கே போய்விடப் போகிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பணத்தை வேண்டாம் என்று இதற்கு முன் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. பிரவீணா ஒரு யோசனை சொன்னாள். கணக்கு யார் பேரில் இருந்தாலும், கார்டுக்காரரின் ஸ்டேட்மெண்ட்டில் போகிற பெயரில் கடைப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமாம். சேர்க்கச் சொன்னேன். இனி 'தெய்வா கிரைண்டர்ஸ் சென்னியப்பன்' என்று போகும்.

"அப்ப முழுசா பேரை மாத்தற பார்ம் வேண்டாமா மேடம்?"

இது போதும் என்றேன். அலைச்சல் மிச்சம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கமலவேணி அம்மாவுக்கு மிஷினைக் கொண்டுபோய்ப் போட்டு, மாவு ஆட்டிக் காட்டிவிட்டு வந்தேன். கம்பி விலையில் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சண்டை போடுகிற நிலையில் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: 'கார்டில் வாங்குவோர் ஸ்டேட்மெண்ட்டில் எங்கள் பெயர் இப்படி வரும்.' கீழே அந்தப் பெயர். ரங்கம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ரெண்டு பேரையும் சேத்துப் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்குதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

இன்று போணிக்கு வந்தவர் வெளிநாட்டுக் கார்டு நீட்டினார். கையெழுத்துக் கேட்டேன், பாஸ்போர்ட்டையும் கேட்டேன். அவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்க நல்ல வியாபாரம். இருபத்தெட்டு வருஷமாக யாருக்குப் பயந்தேனோ.

செப்டம்பர் 11, வியாழன்

பணம் திரும்ப வந்துவிட்டது. கம்பெனி தன் கட்டணம் என்று ஐந்நூற்றுத் தொண்ணூறு பிடித்துக்கொண்டது. எதற்கு என்று கேட்டேன். பிரவீணாவுக்கும் தெரியவில்லை. கல் பட்டறைக்காரருக்குக் கொடுத்து முடித்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். உடம்பு வலிதான் தெரிகிறது.

செப்டம்பர் 13, சனி

பணம் வந்ததைச் சொல்லக் கணபதிக்குப் போனேன். போனிலும் சொல்லியிருக்கலாம், ஆனால் டிசம்பருக்கு நூற்றுப்பத்து வோல்ட் மோட்டார் குறைந்தது முப்பது வேண்டும். அதைப் பேச நேரில் போவதுதான் சரி.

"கடைக்கே வந்து சுத்துனீங்கன்னா ஏத்தி இறக்கற கூலி மிச்சமுங்க" என்றேன்.

கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே, "கல்லாவுல உட்கார மாட்டேன்" என்றார்.

"யாரு உட்காரச் சொன்னாங்க?"

"சரி புள்ள, கூலியைச் சொல்லு."

ஐந்நூற்றைம்பது கேட்டார். நானூற்றைம்பது என்றேன். அதில் கொஞ்ச நேரம் போயிற்று. இரண்டு பேருக்கும் பழைய பழக்கம் விடவில்லை. கடைசியில் முடிந்தது இது:

மோட்டார் ஒன்றுக்கு நானூற்றெண்பது. கம்பி, வார்னிஷ் கடைச் செலவு. வாரத்தில் செவ்வாயும் சனியும் கடையில் வந்து சுற்ற வேண்டும். இடம் பின்பக்கம், ஜன்னலுக்கு நேராக. மதியச் சாப்பாடு கடையுடையது, கூலியில் பிடிப்பதில்லை.